பேரு எடுத்தாச்சுங்க

பெருமாநல்லூரில் அந்த அக்கா நடத்திய நெட் சென்டருக்குப் போய் மெயில் ஐடி வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் முதலில் ஒரு துக்கச் செய்தியைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா பெயரைக் கேட்பார். கீபோர்டை பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியான ஒரு துண்டு பனியன் வேஸ்டால் துடைப்பார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒருமுறை துடைப்பது அவர் வழக்கம். பிறகு பெயரைத் தட்டிவிட்டு, நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"பேரு எடுத்தாச்சுங்க."

"எடுத்தாச்சா? யாரு எடுத்தது?"

"அது தெரியாதுங்க. உங்களுக்கு முன்னால ஆரோ ஒருத்தரு."

இதைக் கேட்டு முகம் சுண்டாதவரை நான் பார்த்ததில்லை. செந்தில்குமார் என்று ஒரு டெய்லர், "எங்கப்பா குலசாமிகிட்ட உத்தரவு கேட்டு வெச்ச பேருங்க, அதை எப்படி இன்னொருத்தன் எடுக்கலாம்?" என்று சண்டைக்கே நின்றுவிட்டார்.

"அவருக்கும் குலசாமி குடுத்ததா இருக்குமுங்க. ரெண்டு சாமியும் பேசித் தீத்துக்கட்டும். நீங்க வேற பேரு சொல்லுங்க" என்றார் அக்கா.

எல்லோரும் செய்வதுபோல் பெயருக்குப் பின்னால் பிறந்த வருடத்தையோ வண்டி எண்ணையோ ஒட்டிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "பேருக்குப் பின்னால நம்பரு போட்டா ஜெயிலுக்குப் போன மாதிரி இருக்குமுங்க" என்பார். வயதை மறைத்துப் பெண் தேடிக்கொண்டிருப்பவர்களிடம், "பொறந்த வருசத்தைப் போட்டீங்கன்னா பொண்ணூட்டுக்காரங்க கழிச்சுப் பாத்துருவாங்க" என்று பயமுறுத்துவார். 'கிங்' என்று சேர்க்கச் சொன்ன இளைஞனிடம், "சரிங்க ராஜா, ஆதார் எத்தனை ஜெராக்ஸ் வேணுங்க?" என்றார். அவன் அதன் பிறகு அரச பதவியைக் கேட்கவே இல்லை.

இப்படி எல்லா வழியையும் அடைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கோவம் வந்தா உங்களை என்ன சொல்லி வைவாங்க?"

நான் அப்போது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, அதே சாலையில் இருந்த ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் எங்கள் தையல் கூடத்துக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த நாற்காலிக்கு எதிரில் மாட்டிக்கொண்டேன்.

"வைவாங்கன்னா?"

"திட்டுவாங்க தம்பி."

"ஓ, ஏசுறதா? எங்கம்மா கூறுகெட்டவனேன்னுதான் ஏசுவாவ."

அக்கா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்களே! இங்க இந்த மாதிரி வையறதில்லீங்க." தட்டினார். கிடைத்துவிட்டது. இன்றைக்கும் என் மெயில் ஐடி அதுதான். வங்கியில், ஆஸ்பத்திரியில், பாஸ்போர்ட் ஆபீசில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று "கூறுகெட்டவன்" என்று எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர் நிமிர்ந்து ஒருமுறை என் முகத்தைப் பார்த்து, பொருத்தம் சரிதான் என்பதுபோல் எழுதிக்கொள்கிறார்.

பல்லடத்திலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் மனைவியோடு வந்திருந்தார். கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கூட்டுல என்னைய ஆரும் வையறதில்லீங்க" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அக்கா அவர் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

"நீங்க சொல்லுங்கக்கா."

"உருட்டுன்னு சொல்வனுங்க. வாயத் தொறந்தா அத்தனையும் உருட்டு."

கோழிப்பண்ணைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "போட்டுக்குங்க. முட்டையும் உருள்றதுதானுங்களே, தொழிலுக்குத் தோதா இருக்கும்" என்றார். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்து, 'பாத்தீங்களா' என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அக்காவுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுவார். ஒரு டப்பா நிறையப் பொரிகடலை எப்போதும் மேசையில் இருக்கும். நல்ல வசவாகச் சொன்னவர்களுக்கு ஒரு கை அள்ளிக் கொடுப்பார். சிலர் இதெல்லாம் கிண்டல் என்று கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கள் செக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி அங்கே வந்ததைப் பார்க்கும் வரையில்.

விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அக்கா வழக்கம்போலக் கேட்டார். அவள் பஸ் நம்பர் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னாள்: "மாமியார் துக்கிரிம்பாங்கக்கா. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்."

கீபோர்டில் இருந்த அக்காவின் விரல் தட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது வசவு இல்ல கண்ணு, அது வேற. அதை இந்த மிசினுக்குள்ள ஏத்தமாட்டேன்" என்றார். "நீ எதைக் கெத்தாச் செய்வ, அதைச் சொல்லு."

"செக்கிங்லதான் இருக்கேன். ஆனா ஓவர்லாக் மிசின் நல்லா அடிப்பேன்க்கா. ஆள் வரலேன்னா என்னத்தான் உக்கார வைப்பாங்க."

'ஓவர்லாக் ராணி' என்ற பெயரை உலகத்தில் அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை. அந்தப் பெண் திரையில் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தாள். டப்பாவில் இருந்த பொரிகடலை மொத்தமும் அவளுக்குத்தான் போயிற்று. அரசப் பட்டத்தைக் கேலி செய்கிற அக்கா ராணிப் பட்டம் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எங்கள் முதலாளி கதைக்கு வருகிறேன்.

அவர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி, கம்பெனி விட்டால் வீடு, வீட்டில் அம்மா. அதிகம் பேசமாட்டார். முறைத்தால் தையல் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவருக்கு, முதல்முறையாக ஒரு வெளிநாட்டு அம்மையாரிடமிருந்து நேராக ஆர்டர் கிடைக்கும்போல் இருந்தது. குழந்தைகளுக்கான இரவு உடை. அந்த அம்மையாருக்கு அனுப்ப ஒரு மெயில் ஐடி வேண்டும். அன்று எங்கள் ஆபீசில் நெட் வேலை செய்யவில்லை. நான்தான் அவரை அக்காவிடம் அழைத்துப் போனேன்.

அவர் பெயர் எடுத்தாச்சு. அப்பா பெயரோடு சேர்த்தது எடுத்தாச்சு. கம்பெனிப் பெயர் எடுத்தாச்சு. ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பார்த்தால் அதுவும் எடுத்தாச்சு. முதலாளியின் காது சிவந்துகொண்டே வந்தது. அக்கா நாற்காலியைத் திருப்பினார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல..."

"அதெல்லாம் எதுக்குங்க?" என்று முறைத்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அசரவில்லை. "உங்களுக்கு ஞாபகமில்லீனா அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"ஏண்டா தூங்குமூஞ்சி! மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வர்றியா, இல்ல நான் நாய்க்கு ஊத்தட்டுமா?"

அவர் போனை அணைப்பதற்குள் அக்கா தட்டி முடித்திருந்தார்.

"கெடைச்சிருச்சுங்க!"

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டார். அவ்வளவு நேரம் இல்லை இல்லை என்றே கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஒன்று கிடைத்துவிட்டது என்றதும் கோபத்தோடு கோபமாகக் கொஞ்சம் சந்தோஷமும் வந்துவிட்டது. "உலகம் பூராத் தேடுனாலும் தூங்குமூஞ்சின்னு நீங்க ஒருத்தருதானுங்க" என்றார் அக்கா. வெளிநாட்டுக்காரர்களுக்கு அர்த்தமா தெரியப்போகிறது என்று எனக்கும் அவருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு முதலாளி எழுந்து வந்துவிட்டார். அர்த்தம் தெரிந்தவர்கள் கம்பெனி நிறைய இருக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

மெயில்கள் போயின, வந்தன. சாம்பிள் பிடித்துப்போய் அந்த அம்மையார் கம்பெனியைப் பார்க்க நேரில் வருவதாக எழுதினார். நாங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தோம். வாசலில் கோலம் போடச் சொன்னார் முதலாளி. அவர் கோட்டுப் போட்டு நான் பார்த்தது அன்று மட்டுந்தான்.

அம்மையார் நல்ல உயரம். தையல் கூடத்துக்குள் வந்ததும் அநேகமாக எல்லோரும் எழுந்து நின்றார்கள். வருகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்போல. இரண்டு கையையும் கூப்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாக, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வணக்கம், மிஸ்டர் தூங்கு மூஞ்சி!"

ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மிஷின்களும் நின்றுவிட்டன. செக்கிங் மேசையில் இருந்த ஓவர்லாக் ராணிதான் முதலில் உடைந்தாள். வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டும் அடங்காமல் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு கூடமே சிரித்தது. தமிழ் தெரியாத ஒடிசாப் பையன்களும், பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கிச் சொன்னதும், தனியாக ஒருமுறை சிரித்தார்கள்.

அம்மையாரின் முகம் மாறிவிட்டது. உச்சரிப்பில் ஏதும் தவறா, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி கோட்டுக்குள் வியர்த்து வழிய, "எதையாச்சும் சொல்லிச் சமாளிப்பா" என்று பல்லைக் கடித்தார். சாந்தமான முகம் உடையவர் என்று சொல்லத்தான் நினைத்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது, தூக்கம் வழிகிற முகம் என்பதற்கான ஆங்கிலம். எங்கம்மா என்னைச் சும்மா ஏசவில்லை.

அம்மையார் முதலாளியைப் பார்த்தார். மேசைமேல் நிலாப் படம் போட்டு அடுக்கியிருந்த குழந்தைகளின் இரவு உடைகளைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்று சொல்லிக் கிளம்பிப்போனார். ஆர்டர் வருமா போய்விட்டதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கார் மறைந்த உடனே முதலாளி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக நெட் சென்டருக்கு விட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கல்லாம் ஒரு பொம்பளையாங்க? என் ஆளுங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்க!" கொங்கு நாட்டில் கோபத்தின் உச்சத்திலும் 'ங்க' போகாது. "ஊருல இருக்கறவனையெல்லாம் உங்கூட்டுல எப்படி வைவாங்க, எப்படி வைவாங்கன்னு கேக்கறீங்களே, உங்களை எப்படீங்க வைவாங்க? அதைச் சொல்லுங்க பாக்கலாம்!"

அக்கா பதிலுக்கு ஏதாவது எடுத்துவிடுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் பனியன் வேஸ்டை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத கீபோர்டைத் துடைத்தார்.

"என்னைய வையறதுக்கு ஆரும் இல்லீங்க" என்றார். "அம்மா இருந்த வரைக்கும் வஞ்சிட்டிருந்தாங்க. அவங்க போயிப் பல வருசமாச்சு. ஊட்டுக்குப் போனா டிவிதானுங்க பேசும்."

அவர் அதை அழுகிற குரலில் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, ஜெராக்ஸ் எடுக்க முடியாது என்று சொல்கிற குரல்தான். ஆனால் இத்தனை பேரின் வீட்டு வசவை அவர் ஏன் அப்படி ஆசையாகக் கேட்டு வாங்கினார் என்று எனக்கு அப்போது புரிந்தது. முதலாளிக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், பையில் வைத்தார்.

"ஆளில்லீனா என்ன இப்ப? நான் வையறனுங்க" என்றார். "வாயாடி!"

அக்கா நிமிர்ந்தார். கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு வந்தது. வாயாடி என்று தட்டினார்.

"எடுத்தாச்சுங்க."

"அரட்டை!"

"எடுத்தாச்சுங்க."

"லொள்ளு! வாய்க்கொழுப்பு! லொடலொட!"

எல்லாம் எடுத்தாச்சு. முதலாளி கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசியிருக்கமாட்டார். ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வைதார். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் இது என்ன சண்டை என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எகத்தாளம்! எகத்தாளம் புடிச்ச ஆளுங்க நீங்க!"

"கெடைச்சிருச்சுங்க" என்றார் அக்கா. ஊருக்கெல்லாம் ஐடி போட்டவருக்கு அதுவரை சொந்தமாக ஒரு ஐடி இல்லை என்பதை அன்றுதான் சொன்னார்.

அடுத்த வாரம் அம்மையாரின் மெயில் வந்தது. ஆர்டர் உறுதி. ஒரே ஒரு நிபந்தனை: சட்டையின் நெஞ்சில் நிலாப் படத்துக்குக் கீழே அந்த அழகான தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அந்தச் சீசன் முழுக்கத் தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி என்று எங்கள் பிரின்டிங் மேசைகளில் காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி அதன் நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். யாரையும் முறைக்கவில்லை.

ஆபீசில் நெட்டும் பிரின்டரும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோதும், மெயிலைப் பிரின்ட் எடுக்க அவர் தினமும் நெட் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவது தள்ளிக்கொண்டே போயிற்று. ஒருநாள் அவர் அம்மாவே ஆட்டோ பிடித்து வந்து நெட் சென்டர் வாசலில் இறங்கினார்.

"ஆரு கண்ணு எம்பையனுக்குத் தூங்குமூஞ்சின்னு பேரு வெச்சது?"

"பேரு வெச்சது நீங்கதானுங்கம்மா. நான் தட்டித்தான் குடுத்தனுங்க."

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். டப்பாவைத் திறந்து ஒரு கை பொரிகடலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, எனக்கும் ஒரு ஐடி போடு" என்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது அந்த அம்மா அக்காவை 'வாடி, போடி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கல்யாணப் பத்திரிகையில் அக்கா, முதலாளி இருவரின் சொந்தப் பெயரையும் அச்சடித்ததால், வாடிக்கையாளர்கள் பத்திரிகையை வைத்துக்கொண்டு, "ஆருப்பா இவங்க, எதுக்கு எங்களைக் கூப்படறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். எகத்தாளத்துக்கும் தூங்குமூஞ்சிக்கும் கல்யாணம் என்றதும் குடும்பத்தோடு வந்தார்கள். பல்லடத்திலிருந்து உருட்டுக்காரர் முட்டைத் தட்டுகளே கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த வருடம் பெண் குழந்தை. பெயர் வைக்கிற அன்று சொந்தக்காரர்கள், கொங்குப் பேச்சில் ஒறம்பரை, எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். தொட்டில் தயார், இலை தயார். பிள்ளையைப் பெற்ற அக்காவைத்தான் காணவில்லை. உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, பெயர் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் போகுதுடி! வந்து தொலை!" என்று தொட்டிலருகே நின்று மாமியார் கத்தினார். "அதான் ரெண்டு மாசமாப் பேசி ஒரு பேரு முடிவு பண்ணுனமே!"

"அது போச்சுங்கத்தே! ஆரோ புடிச்சிட்டாங்க!"

உடனே மாமியார் வேறொன்று சொன்னார். அதுவும் போச்சு. பெரியப்பா ஒருவர் தெய்வத்தின் பெயரைச் சொன்னார். அதெல்லாம் எப்போதோ போச்சு. கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் எழுந்து ஏலம் கேட்பதுபோல் பெயரைக் கத்தினார்கள். உள்ளேயிருந்து, "இல்லீங்க... இதுவும் இல்லீங்க..." என்று பதில் வந்தது. பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சுவரோரம் நின்றிருந்த முதலாளி உள்ளே போய் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். கீபோர்டுச் சத்தம் கேட்டது. பிறகு அக்கா லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். கூடம் முழுக்கக் கைதட்டியது. நல்ல நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பு, அந்தப் பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னார்கள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது நான் கேட்டேன்: "புள்ளைக்கு ஐடி போட்டாச்சு. பாஸ்வேர்டு என்னக்கா வச்சிருக்கிய?"

"இப்பத்திக்கு ஒண்ணு போட்டு வெச்சிருக்கறனுங்க தம்பி. பேரு நாங்க வெச்சிட்டோம். பாஸ்வேர்டு, வளந்தா அவளா மாத்திக்குவா."

"எங்கிட்டக்கூடச் சொல்லமாட்டேங்கறா" என்றார் முதலாளி.

"உங்களுக்குச் சொன்னா ஸ்பீக்கருல போட்டு ஊருக்கே கேக்க வெச்சிருவீங்க."

"எனக்காச்சும் சொல்லுடி" என்று மாமியார் காதை நீட்டினார்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, மாமியாரின் காதில் அதை மூன்று தரம் சொன்னார். "அடி, இது நான் உன்னைய வையறதல்லோ!" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பில், அவ்வளவு கூச்சலிலும் தூங்கிய பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டு அழத் தொடங்கியது.